கொத்துமல்லி பேர் போட்ட குக்கர்

கோவில்பட்டிக்குத் தெற்கே கம்மாய்க்கரைத் தெருவில், ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், கனியம்மாள் வீட்டு அடுப்பில் இருந்த புதுக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்க வேண்டிய இடத்தில் விசில் அடிக்காமல் பாட்டுப் பாடியது. கனியம்மாள் பதறவில்லை. அவள் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருகிற நேரம். அவள் ஒரு கையில் முடியும் இன்னொரு கையில் சீப்புமாக நின்றாள். வாசலில் முத்துராக்குதான் பாடிக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து, "ஏட்டி, பாட்டு இருக்கட்டும், உள்ள வந்து அந்தக் குக்கரை இறக்கு" என்று குரல் கொடுத்தாள். பாட்டு வாசலிலிருந்து வரவில்லை. எட்டிப் பார்த்தால், வெயிட் எழும்பி எழும்பி உட்கார, அதன் அடியிலிருந்து ஆவியும் பாட்டும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன, வார்த்தை வார்த்தையாக, முத்துராக்கின் குரலிலேயே, அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் மூச்சு வாங்கிக்கொண்டு.

ஒரு கட்டுக் கொத்துமல்லி,
ஓரமெல்லாம் ஈரத்துணி,
வாடுமுன்னே வாங்கிக்கடி,
வாசல் தாண்டிப் போறேன் நான்.

கனியம்மாள் நாலு வரியும் முடிகிறவரை நின்று கேட்டாள். பிறகு அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியதும் மூடியைத் திறந்து பருப்பை நசுக்கிப் பார்த்தாள். பதமாக வெந்திருந்தது. அதற்கு மேல் அந்தக் குக்கரிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் இல்லை. வேன்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

முத்துராக்கு அந்தத் தெருவின் பாட்டுக்காரி. எந்தக் கம்பெனியிலும் சேராமல், எந்தச் சினிமாக்காரர் வாசலிலும் நிற்காமல், தன் பாட்டைத் தானே கட்டித் தானே பாடுகிறவள். பன்னிரண்டு வயசில் தினசரிச் சந்தையில் ஈரச்சாக்கு விரித்துக் கொத்துமல்லிக் கட்டு விற்றாள். விற்கிறதுக்குக் கூவின கூவல்தான் அவள் முதல் பாட்டு. அதைக் கேட்டு வந்தவர்கள் அவள் பேரைக் கேட்கவில்லை. "கொத்துமல்லி வந்துட்டாளா, கொத்துமல்லி இன்னைக்கு எங்க" என்று அவர்களாகவே ஒரு பேரை வைத்துக் கூப்பிட்டார்கள். அவள் வளர்ந்தாள், பேரும் கூடவே வளர்ந்தது. குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் தாளப் பேடு வாசிக்கிற சங்கிலியைக் கட்டிக்கொண்டாள். சங்கிலி ஒரு பழைய வேன் வாங்கினான். வேனின் நெற்றியில் அவனே பெயிண்ட் எடுத்து 'கொத்துமல்லி' என்று எழுதி, பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்த மாதிரி ஒரு பச்சைக் கட்டும் வரைந்தான். ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு மைக், ஒரு பேடு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் கொடை என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அந்த வேன் போயிற்று. தண்ணி லாரி வராத நாளைப் பற்றி, அறுந்த செருப்பைப் பற்றி, கோபித்துக்கொண்டு போன மருமகளைப் பற்றி அவள் பாடியதெல்லாம் செல்போன் செல்போனாக ஏறி, துபாயில் கிடக்கிற பிள்ளைகள்வரை போயிற்று.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு வருஷம், சிமெண்டில் ஆரம்பித்துச் சீயக்காய்வரைக்கும் விற்கிற பெரிய கம்பெனி ஒன்று குக்கரும் செய்யலாம் என்று நினைத்தது. குக்கருக்கு அடுப்படி வாசம் வீசுகிற ஒரு பேர் வேண்டும் அல்லவா. கம்பெனியில் யாரோ ஒருவர் காதில் யாரோ ஒருவருடைய செல்போன் பாடியிருக்க வேண்டும். குக்கரின் வயிற்றில் வளைந்த எழுத்தில் 'கொத்துமல்லி' என்று அச்சடித்தார்கள். பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டு, அதுவும் கொஞ்சம் சாய்ந்த மாதிரி. ஆவணிக் கல்யாணங்களில் சீர்வரிசைத் தட்டுக்குத் தட்டு அந்தக் குக்கர் வந்து உட்கார்ந்தது.

புரட்டாசி பிறக்கிறதுக்குள் தெருவில் பாதி வீட்டுக் குக்கர் பாட ஆரம்பித்துவிட்டது. மூணு லிட்டர் குக்கர் கீச்சென்று பாடியது, அஞ்சு லிட்டர் கனத்துப் பாடியது. கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்து வெயிட்டை மாற்றினார், கேஸ்கெட்டை மாற்றினார். மாற்றின பிறகு சுருதி இன்னும் சுத்தமாகச் சேர்ந்தது. பெண்களுக்கு ஒரு வாரம் சிரமம்தான், விசில் எண்ணிச் சமைத்துப் பழகின கை. அப்புறம் அதற்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது. பருப்புக்கு முதல் நாலு வரி, சோற்றுக்கு ஒரு சரணம், கொண்டைக்கடலைக்கு முழுப் பாட்டும் போய்த் திரும்ப முதலிலிருந்து ரெண்டு வரி என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்தார்கள். கறி வேக மூணு சரணம் ஆகும் என்பதால், விரதம் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகளின் வண்டவாளம் தெருவுக்குத் தெரிந்தது. "என்ன மதினி, சனிக்கிழமையும் அதுவுமா உங்க வீட்டுல மூணாஞ் சரணம் கேக்குது?" என்று ஒருத்தி கேட்க, "கொண்டைக்கடலைடி" என்று இன்னொருத்தி சொல்ல, "கொண்டைக்கடலைக்கு எலும்பு இருக்குமோ" என்று மூன்றாவது வீட்டிலிருந்து சத்தம் வரும். படுத்த படுக்கையாய்ச் சோறு வேண்டாம் என்று கிடந்த ஓர் ஆள், பாட்டு முடிந்தால் சோறு வரும் என்று காது பழகி, சரணம் கேட்கும்போதே எழுந்து உட்கார்ந்தார். பழைய குக்கர் வைத்திருந்த வீடுகள் விசிலை அமுக்கித்தான் வைத்தன, அடிக்கவே கூச்சமாக இருந்தது.

முத்துராக்குக்கு முதலில் சந்தோஷம்தான். தெருவில் நடந்து போனால் வீட்டுக்கு வீடு தன்னையே கேட்கிறது யாருக்கு வாய்க்கும்? ஒரு நாள் கனியம்மாளுக்குச் சொம்பு திருப்பிக் கொடுக்கப் போனாள். அந்த ஊரில் பாத்திரம் என்றால் அதில் பேர் வெட்டியிருக்கும்; விசேஷ வீட்டுக்குப் போய்க் கலந்த பாத்திரம் எத்தனை கை மாறினாலும், வெட்டின பேரைப் பார்த்து அந்தப் பேருக்காரி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்; வரும்போது வெறும் பாத்திரமாக வராது, ஒரு பிடி உப்போ ஒரு பிடி பயறோ உள்ளே கிடக்கும். சொம்புக்குள் பயறு போட்டுக் கொண்டுபோன முத்துராக்கு, வாசலிலேயே நின்று கண்ணை மூடிக் கனியம்மாள் வீட்டுக் குக்கரைக் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுது மதினி. என்னைவிட நல்லா இழுக்குது."

"உன் தொண்டைதானட்டி" என்றாள் கனியம்மாள். "ஆமா, உனக்கென்ன, சளியா? கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி பேசுத?"

அப்போதுதான் முத்துராக்குக்கே தெரிந்தது.

அதற்கு முன்னால், அவள் தன் வீட்டு வாசலில் நின்று "பால்ச்சாமி அண்ணே, ரெண்டு டீ" என்று மைக் இல்லாமல் ஒரு குரல் கொடுத்தால், அது வேம்பைத் தாண்டி, குழாயடியைத் தாண்டி, பஸ் நிறுத்தத்து டீக்கடைவரை போகும். பால்ச்சாமி டம்ளர் ரெண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். இப்போது குரல் குழாயடியோடு நின்றது. சங்கிலி தினமும் காலையில் தெருவில் போய் நின்று, குரல் எதுவரை வருகிறது என்று பார்த்தான். ஐப்பசியில் குழாயடி. கார்த்திகையில் வேம்பு. ஊரில் ஒவ்வொரு கல்யாணமாக நடக்க நடக்க, வெளியூர்க் கடைகளில் ஒவ்வொரு குக்கராக விற்க விற்க, ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாக அவள் தொண்டை கரைந்தது. முதலில் உச்சி போயிற்று, அப்புறம் கார்வை போயிற்று. மார்கழியில் அவள் குரல் வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு அதற்கு மேல் நகர மாட்டேன் என்றது.

"மிளகுப்பால் குடி" என்றான் சங்கிலி.

"குடிச்சேன் மச்சான்."

"பனங்கற்கண்டு?"

"அதுவும்தான். எனக்கு நோவு இல்லை. உள்ள இல்லவே இல்லை. எடுத்துட்டுப் போயிட்டாக."

சங்கிலி பேடுக் குச்சியைக் கீழே வைத்தான். பதினேழு வருஷமாக அந்தக் குரலுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டினவன். அவள் மூச்சு எங்கே திரும்பும் என்று அவன் கைக்குத் தெரியும். இப்போது அவள் பேசும்போது அவன் பக்கத்தில் வந்து குனிந்து, காதை அவள் வாய்க்கு நேராக வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டு, அவள் சொன்னதை அவனே வெளியே சொன்னான்.

இந்த நேரத்தில்தான் கம்பெனி நோட்டீஸ் வந்தது. கொத்துமல்லி என்கிற பேருக்குக் கம்பெனி டிரேட்மார்க் கேட்டு மனுப் போட்டிருக்கிறது, ஆகையால் அந்தப் பேரில் பாடக் கூடாது, வேனில் எழுதக் கூடாது, கம்பெனிக் குக்கர் பாடுகிற பாட்டை இவள் பாடுவதும் கூடாது என்று மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தது. வக்கீல் அந்தோணியம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

"பேரை எங்கயாவது பதிஞ்சியா ராக்கு?"

அவள் ஏதோ சொன்னாள். சங்கிலி நிமிர்ந்து, "ஊரு வச்ச பேரை எங்க போயிப் பதியன்னு கேக்கா" என்றான்.

"கச்சேரிக்குக் கூப்பிட்டவுக ஏதாவது எழுதிக் கொடுத்திருக்காகளா? ரசீது, கடிதாசி?"

"வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுவாக" என்றான் சங்கிலி. "வெத்தலையை அன்னைக்கே போட்டுட்டோம்."

அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து, சென்னையில் பேர்களைப் பதிகிற ஆபீஸுக்கு ஆட்சேபணை எழுதினாள். எழுதி முடித்து, "இந்தப் பேரைச் சொன்னா சனங்களுக்கு யாரு ஞாபகம் வருதுன்னு அந்த ஆபீஸுக்குக் காட்டணும். அதான் கேஸே. அதை எப்படிக் காட்டப் போறோம்னுதான் தெரியலை" என்றாள்.

தை கழிந்து மாசியில் கம்பெனியிலிருந்து தேவநாதன் என்று ஒரு அதிகாரி காரில் வந்தார். நல்ல மனுஷர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு தாளை எடுத்தார். பேரை முத்துராக்கு மனசார விட்டுக்கொடுத்தால், கம்பெனி அவளைத் தன் பாட்டுக்காரியாகவே வைத்துக்கொள்ளும், வேறு நல்ல பேராக ஒன்றும் சூட்டும்.

முத்துராக்கு தாளை வாங்கினாள். தொண்டை போன பிறகு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று அவளுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். எடுத்துக்கொண்டே, சங்கிலியைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"கையெழுத்துப் போட்டா தொண்டை திரும்பி வருமான்னு கேக்கா" என்றான் சங்கிலி.

தேவநாதன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் பார்த்தார். "அப்படி இதுல எதுவும் இல்லைங்கம்மா" என்றார், உண்மையிலேயே வருத்தமாக.

முத்துராக்கு பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் அவளே செருகிவிட்டாள்.

அதற்குள் கார் வந்த சேதி கேட்டு வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். கனியம்மாள் முன்னால் நின்றாள். "அய்யா, எங்க தெருப் புள்ள பேரை நீங்க ஏன்யா வாங்கிட்டுப் போறீக? பேரை வச்சு என்ன பண்ணுவீக?" என்று கேட்டாள்.

தேவநாதன் பொறுமையாகச் சொன்னார். "பேர்னா சும்மா இல்லைம்மா. ஒரு பொருள்ல என்ன பேர் இருக்குன்னு பார்த்துதானே அது யாரோடதுன்னு ஜனங்க தெரிஞ்சுக்கிறாங்க? பேர் யாரோடதோ, பொருள் அவங்களோடது. அதுக்குத்தாம்மா டிரேட்மார்க்."

"அப்படியா சேதி" என்றாள் கனியம்மாள். "எங்க ஊர்லயும் அப்படித்தான்."

அவள் வீட்டுக்குப் போய்க் குக்கரை எடுத்து, முந்தானையால் கரியைத் துடைத்து, வயிற்றில் இருந்த எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆறு மாசமாக அடுத்தவள் பேர் வெட்டின பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோமே, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லையே. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போகும்போது அவள் இதைச் சொன்னாள். வேனில் இருந்த இருபது பேரும் அதைக் கேட்டார்கள். அவரவர் அடுப்படி அவரவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அன்று வேலை முடிந்து அந்த இருபது பேரும் இருபது தெருவுக்குப் போனார்கள்.

சென்னை ஆபீஸ் விசாரணை பங்குனியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு வந்தது. சென்னைக்குப் போக வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்று அந்தோணியம்மாள் தன் லேப்டாப்பை முத்துராக்கு வீட்டுக்கே கொண்டுவந்து, ஒரு பாக்ஸின் மேல் இன்னொரு பாக்ஸை ஏற்றி அதன் மேல் வைத்தாள். திரையில் ஒரு கட்டத்தில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா, இன்னொரு கட்டத்தில் கம்பெனி வக்கீல். வக்கீல் நல்ல இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார். அந்தோணியம்மாள் குனிந்து தமிழில் சொன்னாள்: "உன்கிட்ட ரசீது இல்லை, சாட்சிக் கடிதாசி இல்லை, கொத்துமல்லின்னா நீதான்னு உலகத்துல யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுதாரு."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "முத்துராக்கு அம்மா, நீங்க தமிழ்லயே பேசலாம். உங்க பேரைப் பத்தி நீங்களே சொல்லுங்க."

முத்துராக்கு எழுந்து நின்றாள். அன்றைக்கு அவள் குரல் வாசற்படிவரைகூட இல்லை, உதட்டைத் தாண்டவில்லை. வாய் அசைந்தது. சங்கிலி குனிந்து காதைக் கொடுத்தான். கொடுத்த காதை எடுக்காமல் அப்படியே நின்றான். அவனுக்கும் கேட்கவில்லை. பதினேழு வருஷத்தில் முதல்தடவையாக அவள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கண் கலங்கி, பேடுக் குச்சியைத் தேடுகிறவன் மாதிரி தரையைப் பார்த்தான்.

அப்போது கனியம்மாள் உள்ளே வந்தாள். விசாரணை நடப்பது தெரிந்துதான் வந்தாள், ஆனாலும் விசாரணைக்காக வரவில்லை. வேலைக்கு லீவு போட்டிருந்தாள், தலைக்குக் குளித்திருந்தாள், இடுப்பில் பளபளவென்று துலக்கின குக்கர் இருந்தது.

"பெட்டிக்குள்ள இருக்கிற அம்மாவுக்கு வணக்கம். நீங்க பேசுங்க, நான் இதைக் கொடுத்துட்டுப் போயிருதேன்" என்று சொல்லிவிட்டு முத்துராக்கு முன்னால் குக்கரை இறக்கினாள். "ஏட்டி, மன்னிச்சுக்கோ. உன் பேர் வெட்டின பாத்திரம் எங்க வீட்டுல தங்கிருச்சு. கண்ணு இருந்தும் பார்க்கலை. வெறும் பாத்திரமாக் கொண்டாரலை, ஒரு பிடி துவரம்பருப்பு கிடக்கு, பாத்துக்கோ."

முத்துராக்கு மூடியைத் திறந்தாள். அடுப்பில் ஏற்றாத குக்கர், கழுவிக் காயவைத்த குக்கர். ஆனாலும் உள்ளேயிருந்து வெதுவெதுவென்று ஒரு ஆவி வந்து அவள் முகத்தில் பட்டது. தாகத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் இறங்குவது மாதிரி தொண்டைக்குள் என்னமோ இறங்கியது.

"மதினி" என்றாள்.

சங்கிலி நிமிர்ந்துவிட்டான். காதை வைக்காமலே கேட்டது.

கனியம்மாளுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஆவணியில் கல்யாணமான பெண் ஒருத்தி, சீராக வந்த குக்கரைப் புதுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, உள்ளே ஒரு மஞ்சள் கிழங்கு வைத்திருந்தாள். ஒருத்தி கருப்பட்டி வைத்திருந்தாள், ஒருத்தி ஈரவெங்காயம், ஒருத்தி உடையாமல் ஒரு முட்டை. தீப்பெட்டி ஆபீஸ்காரி ஒருத்தி வேறு ஒன்றும் அகப்படாமல் ஒரு பொட்டலம் தீப்பெட்டி வைத்திருந்தாள். சனிக்கிழமை மூணாஞ் சரணக்காரி வந்து, "நிசமாவே கொண்டைக்கடலைதான் வச்சிருக்கேன், எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்று திறந்து காட்டினாள். படுக்கையில் கிடந்து எழுந்தவர் தன் குக்கரைத் தானே தூக்கிக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். முத்துராக்கு ஒவ்வொரு மூடியாகத் திறந்தாள், ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டாள், அக்கா என்றும் சின்னம்மா என்றும் மாமா என்றும், கூப்பிடக் கூப்பிடக் குரல் வாசற்படியைத் தாண்டியது, வேம்பைத் தாண்டியது, வரிசையில் குழாயடிப் பக்கம் நின்றவர்கள் தங்களைக் கூப்பிடுவதை அங்கிருந்தே கேட்டு, "இந்தா வாறோம்" என்றார்கள்.

கம்பெனி வக்கீல் தொண்டையைச் செருமினார். "மேடம், இதெல்லாம் ஆவணத்துல சேராது."

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரியம்மா. "வக்கீலம்மா, அந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தெருப் பக்கம் திருப்புங்க."

அந்தோணியம்மாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். கம்மாய்க்கரைத் தெரு முழுக்க, குழாயடியைச் சுற்றி வளைந்து, பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, இடுப்பிலும் தலையிலும் குக்கருடன் பெண்கள் நின்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும் வரிசையின் கடைசி எது என்று கேட்டுப் போய் நின்றார்கள். அதிகாரியம்மா முன்னால் நின்ற ஒருத்தியைக் கேட்டார்: "ஏம்மா, இதை எதுக்கு இங்க கொண்டுவந்தீங்க?"

"பேர் போட்டிருக்குல்லம்மா" என்றாள் அவள், இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி. "கொத்துமல்லி வீடு இதுதான?"

அதிகாரியம்மா எதையோ எழுதினார். எழுதிக்கொண்டே, "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல வக்கீல் சார்" என்றார். வக்கீல் தன் கட்டத்துக்குள் தாள்களைப் புரட்டினார்.

அப்போது பால்ச்சாமி, வரிசையை விலக்கிக்கொண்டு, டம்ளர் ரெண்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். "யாரும்மா டீ கேட்டது? கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். முத்துராக்கு டீ கேட்கவில்லை, வரிசையில் நின்ற யாரையோ பெரியம்மா என்று கூப்பிட்டிருந்தாள். அவர் கடையிலிருந்து அவள் குரலைக் கேட்டு அஞ்சாறு மாசம் ஆகியிருந்ததால், என்ன சொன்னாள் என்று பார்க்காமல் கை பழக்கத்தில் டீயை ஆற்றிக்கொண்டு வந்துவிட்டார். சங்கிலி ஒரு டம்ளரை வாங்கி, குடிக்காமல், சூட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அழுதான்.

உத்தரவு சித்திரையில் வந்தது. பேர் முத்துராக்குக்குத்தான் என்று எழுதியிருந்தது. கம்பெனி குக்கருக்கு ஏதோ ஒரு பூவின் பேரை வைத்துக்கொண்டது. அந்தக் குக்கர்கள் விசில் மட்டும் அடித்தன. தேவநாதன் போன் பண்ணி, தன் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து, வந்து பாட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "வெத்தலை பாக்கோட வரச் சொல்லு" என்றாள் முத்துராக்கு, போனைப் பிடித்திருந்த சங்கிலியிடம்.

ஆனால் வீட்டில் கால் வைக்க இடம் இல்லை. சங்கிலி குக்கருக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்தான். தெருவிலும் நன்றாக இல்லை. பெண்கள் பானையில் சோறு பொங்கினார்கள், கணக்குத் தெரியாமல் குழைத்தார்கள். பாட்டு இல்லாத காலைவேளை எல்லாருக்கும் ஒரு மாதிரி இருந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, திருப்பிக் கொடுத்த பொருளைப் பற்றிப் பேசுவது அழகில்லை.

முத்துராக்கு ஒரு காலையில் எழுந்து, கனியம்மாளின் குக்கரைத் தேடி எடுத்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறும் பாத்திரமாகக் கொடுக்க முடியாது, அவர்கள் போட்டதையே திரும்பப் போட்டால் அது மரியாதை இல்லை. அவள் யோசித்தாள். பிறகு குக்கருக்குள் முகத்தைக் குனிந்து ஒரே ஒரு வரி பாடி, சட்டென்று மூடியைப் போட்டாள்.

"ஏ புள்ள, வேண்டாம்" என்று சங்கிலி எழுந்து வந்தான். "மறுபடியும் தொண்டை போயிரும்."

அவளுக்கும் பயம்தான். வாசலுக்குப் போய் நின்று, மூச்சை இழுத்து, "பால்ச்சாமி அண்ணே, ரெண்டு டீ" என்றாள்.

ரெண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேம்பு அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயடித் திருப்பத்தில் பால்ச்சாமி வந்தார், கையில் ரெண்டு டம்ளர்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அதுவே வேலை. குக்கருக்கு ஒரு வரி பாடி மூடினாள், சங்கிலி வேனில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் குரல் ஓர் அங்குலம் குறையவில்லை. இப்போது ஒரு வீட்டுக் குக்கருக்கு ஒரு வரிதான் தெரியும், பக்கத்து வீட்டுக்கு அடுத்த வரி. முழுப் பாட்டும் வேண்டுமென்றால் தெருவே ஒரே நேரத்தில் உலை வைக்க வேண்டும். வைத்தார்கள். "ஏளா, நீ இன்னும் அரிசி போடலையா, உனக்காகத்தான் சரணம் நிக்குது" என்று சுவருக்கு மேலால் சத்தம் போட்டார்கள்.

ஒன்றுதான் குறை. பாட்டின் நாலாவது வரியில் 'போறேன் நான்' என்று கீழே இறங்கி உட்காருகிற இடம் அவளுக்குத் திரும்ப வரவில்லை. அந்த 'நான்' மட்டும் வெறும் காற்றாகப் போயிற்று. எல்லாக் குக்கரும் வந்துவிட்டதே, இது எங்கே தங்கியிருக்கும் என்று அவள் தேடினாள்.

வைகாசி முதல் வாரம் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு மூணு லிட்டர் குக்கர், கொஞ்சம் அடிப்பிடித்துத் துலக்கினது. உள்ளே ஒரு பிடி துவரம்பருப்பும் ஒரு துண்டுத் தாளும் இருந்தன. சங்கிலி தாளை வாசித்தான். 'உத்தரவு போடும்வரை இது என் வீட்டில் இருப்பதைச் சொல்வது முறையில்லை. விசாரணை நாளிலிருந்து இதில் சமைக்கவும் இல்லை. என் மகன் இதைக் கேட்டுத்தான் தூங்குவான். பேர் உங்களுடையது, அதனால் அனுப்புகிறேன்.' கையெழுத்து, உத்தரவில் இருந்த அதே கையெழுத்து.

முத்துராக்கு குனிந்து அந்த ஆவியை வாங்கிக்கொண்டாள். மெதுவாக, யாருக்கும் இல்லாமல் தனக்கே, 'வாசல் தாண்டிப் போறேன் நான்' என்று பாடினாள். 'நான்' கீழே இறங்கி, தன் இடத்தில் நன்றாக உட்கார்ந்தது.

மறுநாள் காலை அந்தக் குக்கரைச் சென்னைக்கே திருப்பி அனுப்ப, பார்சலாகத் தைத்துத் தபால் ஆபீசுக்கு எடுத்துப் போனாள். எல்லாருக்கும் பாட்டிலிருந்து ஒரு வரி கொடுத்தவள், இதற்குள் மட்டும் அன்றைக்குக் காலையில் கட்டின புது வரி ஒன்றைப் பாடி மூடியிருந்தாள்: வாங்கினதும் வாடலையே, வாசம் இன்னும் போகலையே.

கவுண்டரில் இருந்தவர் தராசில் வைத்தார். "என்னம்மா இது?"

"குக்கருங்கய்யா."

"உள்ளுக்குள்ள ஏதாவது இருக்கா? காலிதானே?" என்று கேட்டுக்கொண்டே படிவத்தில் எழுதப் பேனாவைக் கொண்டுபோனார்.

"காலின்னு மட்டும் எழுதிராதீங்கய்யா" என்றாள் முத்துராக்கு.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தராசிலிருந்து பார்சலை எடுக்கும்போது, அது லேசாகக் கதகதவென்று இருப்பது அவர் கைக்குத் தெரிந்தது. மற்ற பார்சல்களைப் போல எட்டி எறியாமல், எழுந்துபோய், மூட்டைக்கெல்லாம் மேலே அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.